தக்கலை இன்டெக்ரேஷன் டியூஷன்: பிள்ளையை அனுப்பலாமா?

பொறியியல் முதல் வருஷத்தில் பிள்ளை கணக்கில் தடுமாறுகிறது, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே நல்ல இடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தக்கலையில், பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பிரிகிற சாலையில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் டியூஷன் இது. பெயர்ப் பலகை கிடையாது. நடத்துகிறவர் பாலிடெக்னிக்கில் நெடுங்காலம் கணிதம் எடுத்து ஓய்வு பெற்றவர். தன் பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் சார் என்றே சொல்கிறேன். என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்டெக்ரேஷன், அதாவது சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கூட்டுகிற தொகையிடல் கணக்கு, உண்மையிலேயே புரிய வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல இடத்தை நான் இந்தப் பக்கம் பார்த்ததில்லை. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது எப்படியாவது தேறினால் போதும் என்று ஓடி வருகிற பிள்ளைக்கு இது சரிப்படாது.

நான் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் வேலை பார்க்கிறேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் என் பாடங்கள். முதல் வருஷக் கணக்கை முடித்துவிட்டு வருகிற பிள்ளைகள்தான் என் வகுப்பில் உட்காருவார்கள். செவ்வகத்தின் மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா (அந்த வடிவம் வளைவதை எவ்வளவு எதிர்க்கும் என்பதற்கான அளவு) என்ன என்று கேட்டால் ‘பிடி க்யூப் பை 12’ என்று பல குரல்கள் ஒன்றாக வரும். பி அகலம், டி உயரம். அந்த 12 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வகுப்பு அடங்கிவிடும். செவ்வகத்துக்குள் அகலம் முழுக்க ஒரு மெல்லிய பட்டையை எடுத்து, நடுக்கோட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் அதன் பரப்பைப் பெருக்கி, கீழிருந்து மேல்வரை கூட்டினால் 12 தானாக வந்து நிற்கும். இரண்டு வரிக் கணக்குதான். அதைச் செய்யத் தெரியாத அதே பிள்ளைகள் பகுதித் தொகையிடலை (இன்டெக்ரேஷன் பை பார்ட்ஸ்) பக்கம் பக்கமாகப் போடுவார்கள். போடுகிற திறமை இருக்கிறது, எதைக் கூட்டுகிறோம் என்பதை மட்டும் அவர்களிடம் யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. வருஷா வருஷம் இதைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்படும். நல்ல மூளையுள்ள பிள்ளைகள், மேசையில் சூத்திரப் பட்டியல் இல்லாமல் ஒரு முக்கோணத்தைத் தொடப் பயப்படுகிறார்கள்.

என் அக்கா மகன் நாகர்கோவிலில் இருந்து கல்லூரிக்குப் போய்வருகிறான். ஆரம்பத்தில் அவனை ஒரு பெரிய கோச்சிங் சென்டரில் சேர்த்திருந்தார்கள். எது என்பது இங்கே முக்கியமில்லை. முக்கியக் கேள்விகள் என்று அச்சடித்த ஒரு கட்டை முதல் நாளே கையில் கொடுத்து, அதிலிருந்து ஒவ்வொன்றாகப் போர்டில் போட்டு எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். கொஞ்ச நாளில் அவன் வந்து, “சித்தி, நாலாவது யூனிட்டையும் அஞ்சாவது யூனிட்டையும் விட்டுட்டு மத்தத நல்லாப் படிச்சா பாஸாயிரலாம்னு எல்லாரும் சொல்லுதாவ” என்றான். எனக்குப் பகீரென்றது. அவன் படித்தது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன், அதாவது அந்த வருஷம் வந்த பாடத்திட்டம். அதில் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ தாளுக்கு ஐந்து யூனிட். நாலாவது இன்டெக்ரல் கால்குலஸ், ஐந்தாவது மல்டிபிள் இன்டெக்ரல்ஸ். ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு மார்க் கேள்வி இரண்டு, 16 மார்க் கேள்வி ஒன்று. ஆக, விடச் சொன்ன இரண்டு யூனிட்டும் சேர்ந்தால் 40 மார்க். மார்க்கை விடுங்கள். தண்ணீர் சுவரைத் தள்ளும் விசை, நிறை மையம், மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா என்று பின்னால் என் வகுப்பில் தேவைப்படுகிற அத்தனையும் அந்த இரண்டு யூனிட்டின் பாடத்திட்டத்தில்தான் எழுதியிருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துவிட்டு சிவிலோ மெக்கானிக்கலோ படிப்பது எப்படி?

அப்புறம்தான் என் கூட வேலை பார்க்கிற ஒருவர் தக்கலை சாரைப் பற்றிச் சொன்னார். பையனைச் சேர்த்துவிட்டு, சாரிடம் அனுமதி கேட்டு நானும் சில மாலை வகுப்புகளில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கீழே எழுதுவது அங்கே நேரில் பார்த்தது.

முதல் வகுப்பில் சூத்திரமே கிடையாது. மேசையில் இரண்டு நல்ல ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்), ஒரு கத்தி, வெர்னியர், தண்ணீர் நிரப்பிய அளவு ஜாடி. பழம் நடுவில் பருத்து, இரண்டு பக்கமும் கூம்பி, கொஞ்சம் வளைந்தும் இருக்கிறது. இதன் கன அளவு என்ன? முதலில் தோலோடு ஜாடியில் அமுக்கித் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் குறுக்காக வெட்டி, ஒவ்வொரு துண்டின் விட்டத்தையும் அளந்து, வட்டப் பரப்பைக் கனத்தால் பெருக்கிக் கூட்டினார்கள். ஜாடி சொன்னதற்கும் இதற்கும் இடைவெளி இருந்தது. இரண்டாவது பழத்தை அரை சென்டிமீட்டராக வெட்டிய பெஞ்சுக்கு அந்த இடைவெளி சுருங்கியது. அளவு எடுப்பதில் எங்கே பிசகு வரும், வெட்டுவதில் எங்கே பிசகு வரும் என்று பிள்ளைகளுக்குள்ளேயே வாக்குவாதம். அந்த மேசையைச் சுற்றி நின்ற முகங்களைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ‘டிஎக்ஸ்’ என்று வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த எழுத்து ஒரு துண்டின் கனம் என்பது அன்றைக்கே எல்லோருக்கும் கைக்குப் பிடிபட்டுவிட்டது. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அதுவரை அதை வரியை முடிக்கிற அடையாளமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து நேராகப் போர்டுக்கு. எக்ஸ் ஸ்கொயர் வளைவுக்குக் கீழே 0 முதல் 1 வரை எவ்வளவு பரப்பு? பத்துச் செவ்வகம் அடுக்குகிறார்கள். வளைவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வைத்தால் 0.385, உள்ளே அடங்குகிற மாதிரி வைத்தால் 0.285. நூறு செவ்வகம் வைத்தால் 0.33835-ம் 0.32835-ம். ஆயிரம் வைத்தால் 0.3338335-ம் 0.3328335-ம். வர்க்கங்களைக் கூட்டும் சூத்திரம் பத்தாம் வகுப்பில் படித்ததுதான், கால்குலேட்டரில் பிள்ளைகளே போட்டுவிடுகிறார்கள். மேலிருந்தும் கீழிருந்தும் நெருக்கி அது 1/3-ல் போய் முட்டுகிறது. விடையை முதலில் சொல்லிவிட்டு நிரூபிக்கிற வேலை இல்லை, விடை அவர்கள் கண் முன்னால் வருகிறது.

இந்த இடத்தில் சார் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இப்படி அடுக்கடுக்காக வெட்டிக் கூட்டுகிற வேலையை நம்ம பக்கத்து மலையாள நாட்டில் சங்கமகிராம மாதவர் வழிவந்த கணித அறிஞர்கள் நியூட்டனுக்கு முன்பே செய்திருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷையில் கோளத்தை அடுக்குகளாக எடுத்து அதன் கன அளவைக் காணும் முறை இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும் வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதி நம்முடையது. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பாட்டி மலையாளம் படிப்பவர். அந்தப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் யாரிடம் சொல்வது! அதே மூச்சில் சார் இன்னொன்றையும் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். கூட்டுவதும் மாறும் வேகத்தைக் காண்பதும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்பதைப் பொதுவான முறையாக்கி, எந்த வளைவுக்கும் பயன்படும்படி நிறுத்தியது நியூட்டனும் லைப்னிட்ஸும்தான். இரண்டு பெருமையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றார். வகுப்பில் வரலாறு சொல்கிறவர்கள் பலரிடம் இந்த நிதானம் இருப்பதில்லை.

அந்தத் தலைகீழ் உறவைப் புரியவைக்க அவர் எடுத்தது அன்றைய பத்திரிகை. அணைகளின் நீர்மட்டமும், வினாடிக்கு எத்தனை கன அடி வரத்து, எத்தனை கன அடி வெளியேற்றம் என்பதும் நம்ம ஊர்ப் பக்கத்தில் வரும் இல்லையா, அதை வெட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். வரத்து என்பது வேகம். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று கேட்டால் அந்த வேகத்தைக் கூட்ட வேண்டும். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 86,400 கன அடி. சரி, வரத்து ஒரே சீராக இல்லாவிட்டால்? நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்த அளவு என்று வைத்துக்கொண்டு அவராகவே சில எண்களைக் கொடுத்தார்: 200, 400, 900, 700, 500, 300, 200. இப்படி விட்டு விட்டு எடுத்த அளவுகளைக் கூட்ட இரண்டு விதிகள் உண்டு. டிரெப்பிசாய்டல் விதியில் கூட்டினால் 4.32 கோடி கன அடி, சிம்ப்சன் விதியில் 4.22 கோடியைக் கொஞ்சம் தாண்டுகிறது. இரண்டும் ஏன் வேறு, எதை நம்பலாம் என்று கேட்டு விட்டுவிட்டார். அணையில் இருக்கும் தண்ணீரின் அளவு எந்த வேகத்தில் கூடுகிறது என்று திருப்பிக் கேட்டால் விடை மறுபடியும் வரத்துதான், வெளியேற்றம் இல்லாதபோது. கால்குலஸின் அடிப்படைத் தேற்றம் அவ்வளவுதான். குலசேகரத்திலிருந்து வருகிற ஒரு பையன், மழை நாளில் ஆற்றுத் தண்ணீர் ஏறுகிறதைப் பார்த்தே வளர்ந்தவன், வரத்துக் கோடு எங்கே உச்சிக்குப் போகிறதோ அங்கேதான் மட்டம் வேகமாக ஏறும், மட்டத்தின் உச்சி பிறகுதான் வரும் என்று தானாகச் சொன்னான். என் இரண்டாம் வருஷ வகுப்பில் அதைச் சொல்ல ஆள் கிடைத்தால் நான் கொண்டாடுவேன்.

அணையை அதோடு அவர் விடவில்லை. பேச்சிப்பாறை அணைக்கு முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77 அடி என்று மாவட்டத்தில் பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் பத்திரிகையில் வரும் மட்டத்தைச் சுவரின் அடிவாரத்திலிருந்து எடுத்த ஆழமாகக் கொள்ள முடியாது, அணையின் முகமும் நேர்ச்செங்குத்து அல்ல. இதை முதலில் சொல்லிவிட்டு, 48 அடித் தண்ணீர் முட்டுகிற ஒரு செங்குத்துச் சுவரையும் 77 அடித் தண்ணீர் முட்டுகிற இன்னொன்றையும் கணக்குக்காக வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும், அதனால் மொத்தச் சுவரையும் ஒரே பெருக்கலில் முடிக்க முடியாது. கிடைமட்டமாக ஒரு பட்டை எடு. அந்தப் பட்டை முழுக்க ஆழம் ஒன்றே, அழுத்தமும் ஒன்றே. அதன் விசையை எழுது, மேலிருந்து கீழே கூட்டு. 48 அடிக்கு ஒரு மீட்டர் நீளச் சுவரில் ஏறத்தாழ 107 டன் எடைக்குச் சமமான தள்ளல். 77 அடிக்கு 275 டன். ஆழம் ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது, விசையோ இரண்டரை மடங்குக்கு மேல் போகிறது. “பட்டையை நட்டமா எடுத்தா என்ன ஆவும் சார்?” என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள். “எடுத்துப் பாரு மக்களே” என்று சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார். எடுத்தாள். அந்தப் பட்டைக்குள்ளேயே மேலே ஓர் அழுத்தம், கீழே ஓர் அழுத்தம் என்று வந்து கணக்கு நின்றுவிட்டது. எந்தப் பக்கம் வெட்டினால் துண்டுக்குள் எல்லாம் ஒரே அளவாக இருக்குமோ அந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்பதை அவள் போர்டிலேயே கண்டுபிடித்தாள். பொறியியலில் இன்டெக்ரேஷன் போடுவது என்றால் முக்கால்வாசி இந்த முடிவுதான்.

பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாத்தூர் தொட்டிப்பாலம் போயிருந்தோம். 1966-ல் காமராஜர் காலத்துத் திட்டமாக வந்தது, 115 அடி உயரம், மேலே தொட்டியில் தண்ணீர் போகும். தொட்டியின் சுவர் சுமார் ஏழு அடி. அது விளிம்புவரை நிறைந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு எவ்வளவு தள்ளும் என்று பையன் பாலத்தில் நின்றபடியே கைபேசியில் போட்டான். இரண்டே கால் டன்னைக் கொஞ்சம் தாண்டியது. நான் கேட்கவே இல்லை, அவனாகப் போட்டான்.

இனி ஐந்தாவது யூனிட். இந்த டியூஷனுக்கு அனுப்பச் சொல்வதற்கு எனக்குப் பெரிய காரணம் இதுதான். இரட்டைத் தொகையீட்டில் ஆர்டரை, அதாவது எக்ஸ், ஒய் இரண்டில் எதை முதலில் கூட்டுவது என்ற வரிசையை, மாற்றும் கணக்கு என்றாலே பிள்ளைகளுக்கு நடுக்கம். அதில் பழைய வினாத்தாள் புரட்டியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று உண்டு. உள்ளே எக்ஸ் ஒய். ஒய்-யின் எல்லை, எக்ஸ் ஸ்கொயர் பை ஏ முதல் 2ஏ மைனஸ் எக்ஸ் வரை. எக்ஸ் 0 முதல் ஏ வரை. மாற்றிய பிறகு இரண்டு பகுதியாகப் பிரிக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். ஏன் இரண்டு, ஏன் மூன்று இல்லை என்று தெரியாது. எல்லை எண்களை மாற்றிக் கொடுத்தால் பேனா நின்றுவிடும்.

சார் முதலில் படம் வரையச் சொல்கிறார். படம் வரையாத நோட்டைத் திருத்தவே மாட்டார். அவருடைய வழக்கமான வார்த்தை, “மொதல்ல படம். பொறவு கூட்டலாம், ஒண்ணும் ஓடிப் போவாது.” கீழே பரவளையம், மேலே சாய்வாக இறங்கும் நேர்கோடு, இரண்டும் ஏ கமா ஏ என்ற புள்ளியில் சந்திக்கின்றன. ஒரு நீள ஸ்கேலை நட்டமாகப் போர்டில் வைத்து இடமிருந்து வலமாக நகர்த்துகிறார். எங்கே போனாலும் ஸ்கேலின் கால் பரவளையத்தில், தலை நேர்கோட்டில். அதனால் ஒரே தொகையீடு போதும். இப்போது ஸ்கேலைக் கிடையாகத் திருப்பிக் கீழிருந்து மேலே ஏற்றுகிறார். இடது முனை எப்போதும் ஒய் அச்சில். வலது முனை முதலில் பரவளையத்தில் இருக்கிறது, அந்தச் சந்திப்பைத் தாண்டியதும் நேர்கோட்டுக்குப் போய்விடுகிறது. “வலது முனையில ஆள் மாறுது பாத்தியா மக்களே? ஆள் மாறுத எடத்துல வெட்டு.” கீழ்ப் பகுதியில் 1/6, மேல்ப் பகுதியில் 5/24, கூட்டினால் ஏ-யின் நாலாம் அடுக்கில் 3/8. பழைய வழியில் போட்டாலும் அதே 3/8. இரண்டு வழியிலும் போட்டுச் சரிபார்க்காமல் அடுத்த கணக்குக்கு விடமாட்டார்.

என்னைக் கேட்டால் அதைவிட முக்கியம் அதற்குப் பிறகு வந்த கேள்வி. முதல் வழியிலேயே விடை வருகிறதே, பிறகு ஏன் மாற்ற வேண்டும்? என் அனுபவத்தில் பெரும்பாலான வகுப்புகள் இதற்குப் பதில் சொல்லாமலே போகின்றன. அவர் வேறு ஒரு கணக்கு எழுதினார். ஈ-யின் மைனஸ் ஒய் அடுக்கை ஒய்-யால் வகுத்தது உள்ளே. ஒய் எக்ஸிலிருந்து முடிவிலி வரை, எக்ஸ் 0-லிருந்து முடிவிலி வரை. முதலில் ஒய்-க்குப் போட்டுப் பாருங்கள் என்றார். வகுப்பே மல்லுக்கட்டியது. பகுதித் தொகையிடல் போட்டார்கள், பிரதியிட்டார்கள், நகரவில்லை. தெரிந்த சார்புகளில் அதற்கு விடை எழுதவே முடியாது. அப்புறம் படம் வரைந்து, பட்டையைக் கிடையாகத் திருப்பினால் எக்ஸ் 0 முதல் ஒய் வரைதான் போகிறது. உள்ளே ஒரு ஒய் பெருக்கலாக வந்து கீழே இருக்கும் ஒய்-யை அடித்துவிடுகிறது. மிஞ்சுவது சாதாரணக் கணக்கு, விடை 1. மாற்றுவது பரீட்சைக்காரர்கள் கொடுக்கிற தண்டனை இல்லை, அடைத்த வழியைத் திறக்கிற உபாயம் என்று பிள்ளைகள் அன்றைக்குப் பார்த்தார்கள்.

துருவ ஆயத்துக்கு, அதாவது ஒரு புள்ளியை மையத்திலிருந்து தூரம் (ஆர்), கோணம் (தீட்டா) என்று குறிக்கிற முறைக்கு மாற்றும்போது எல்லோரும் மறந்துபோகிற அந்த ‘ஆர்’ விஷயத்தையும் இதே மாதிரிதான். வட்டத்தில் ஒரு சின்னத் துண்டை வரைந்து, ஒரு பக்கம் டிஆர், இன்னொரு பக்கம் வில், அதன் நீளம் ஆர் டிதீட்டா, மையத்திலிருந்து தள்ளிப் போகப் போகத் துண்டு அகலமாகிறது என்று காட்டிவிட்டார். அதற்குப் பிறகு அதை மறந்து நான் யாரையும் பார்க்கவில்லை. ஈ-யின் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் அடுக்கை 0 முதல் முடிவிலி வரை கூட்டி, பையின் வர்க்கமூலத்தில் பாதி என்று விடை வந்ததும் ஒரு பையன் கைதட்டினான்.

சரி, குறைகள். மூன்று திசையிலும் கூட்டுகிற மும்மைத் தொகையீடு வரும்போது போர்டு போதவில்லை. நான்முகியையும் கோளத்தையும் சாக்பீஸால் வரைந்து எந்த முகம் முன்னால், எது பின்னால் என்று காட்டுவது கஷ்டம். அந்த இரண்டு வகுப்பிலும் பின் பெஞ்சுப் பிள்ளைகள் தொலைந்துபோனதை நான் பார்த்தேன். ஜியோஜீப்ரா மாதிரி இலவச மென்பொருளில் உருவத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டலாம். மேல்கூட்டல், கீழ்க்கூட்டல் செவ்வகங்களைக்கூட அதில் எண்ணிக்கையை நகர்த்தி நகர்த்திப் பார்க்க முடியும். சாரிடம் சொன்னேன். கையால் வரைந்தால்தான் மனதில் நிற்கும் என்பது அவர் கட்சி. இரு பரிமாணத்துக்கு நான் முழுக்க ஒத்துக்கொள்கிறேன், முப்பரிமாணத்துக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் பிள்ளை அங்கே போனால் அந்த வாரங்களில் வீட்டில் கைபேசியில் ஜியோஜீப்ராவைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாலாவது யூனிட்டில் திரிகோணப் பிரதியிடலும் பகுதிப் பின்னமும் ரொம்ப வேகமாகப் போய்விடுகின்றன. பிளஸ் டூ-வில் பார்த்ததுதானே என்று அவர் எடுத்துக்கொள்கிறார். எல்லாப் பள்ளியிலும் அப்படி ஆழமாக நடத்துவதில்லை. அந்தப் பகுதிக்குப் பையனை வீட்டில் நான் உட்காரவைத்துப் போடச் சொல்ல வேண்டியிருந்தது. மாதிரித் தேர்வும் குறைவு. மூன்று மணி நேரத்துக்குள் ஐந்து பெரிய கேள்வி எழுதி முடிக்கும் பழக்கம் தனியாக வர வேண்டும். இரண்டு மார்க் கேள்விகளுக்கு அவர் தனியாகத் தயார்செய்வதே இல்லை. பழைய வினாத்தாள்களை வாங்கி வீட்டில் நேரம் வைத்து எழுதச் சொன்னால் இது சரியாகிவிடும்.

யூடியூபில் இல்லாததா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல வீடியோக்கள் இருக்கின்றன, ஐஐடி பேராசிரியர்கள் எடுக்கும் என்பிடெல் பாடங்கள் இலவசம், நானே என் மாணவர்களைப் பார்க்கச் சொல்வேன். ஆனால் வீடியோ உங்கள் பிள்ளையின் நோட்டைப் பார்க்காது. எல்லையைத் தப்பாக எடுத்த இடத்தில் விரலை வைத்து, உன் ஸ்கேல் எங்கே நிற்கிறது என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். முதல் வருஷப் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெஞ்சு, இரண்டு ஃபேன், நல்ல வெளிச்சம். சாயங்காலம் மேற்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் போர்டு பளபளத்துக் கண்ணைக் கூசும், முன்னாலேயே போய் நடுவில் இடம்பிடிப்பது நல்லது. மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, மழையில் வழுக்கும். ஒரு பேட்சுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. இரண்டு பெண் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டதற்காக வகுப்பை ஏழரைக்கு முடித்துவிடுகிறார். தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் அந்த நேரத்தில் பஸ் தாராளம், திங்கள்சந்தை பக்கமும் கிடைக்கும். குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகள்தான் கொஞ்சம் காத்திருக்க வேண்டிவருகிறது.

கட்டணம் ஒரு செமஸ்டருக்கு ஆறாயிரம், இரண்டு தவணையாகக் கட்டலாம். நாகர்கோவிலில் நாங்கள் முன்பு கட்டியதில் இது பாதிக்கும் கீழே. ரப்பர் வெட்டுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் அவர் வாங்குவதில்லை என்று மற்ற பெற்றோர் சொல்லித் தெரிந்துகொண்டேன். நோட்ஸ் என்று அச்சடித்த தாள் எதுவும் தரமாட்டார். கோடு போடாத பெரிய நோட்டு, நீள ஸ்கேல், கலர் பென்சில் இரண்டு, இவ்வளவும் கட்டாயம்.

டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்கிற பிள்ளைகள் இந்த முதல் வருஷத் தாளை எழுதுவதில்லை. ஆனால் இரண்டாம் வருஷத்தில் என் பாடங்களுக்கும் மற்றக் கணக்குத் தாள்களுக்கும் இது தெரிந்துதான் ஆக வேண்டும். அவர்களுக்காக சார் வருஷத் தொடக்கத்தில் சனி, ஞாயிறு மட்டும் தனி வகுப்பு நடத்துகிறார், முழுக்க இந்த இரண்டு யூனிட்டும்தான். பாலிடெக்னிக் முடித்துச் சேரப் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் கல்லூரி திறப்பதற்கு முன்பே போய்ப் பேசிவிடுங்கள். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், நடுவில் வந்து சேர்கிறவர்களை அவர் எடுப்பதில்லை.